மருந்து பறந்து வரலாம், கடிபட்டவர் வண்டியில்தான் வரவேண்டும்

கேள்வி: எங்கள் பக்கம் நெல்லுக்கு டிரோனில் மருந்து அடிக்கிறார்கள். சமீபத்தில் வயலில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. நெரிசலில் ஊர்ந்து, மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இதே டிரோனில் விஷமுறிவு மருந்தை வயலுக்கே வரவழைக்க முடியாதா?
- வாசகர், திருமழிசை

பதில்: நியாயமான கேள்வி. டிரோனில் மருந்து அனுப்புவது நம் நாட்டில் நடந்த காரியம்தான். 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொரோனா தடுப்பூசியை டிரோனில் அனுப்பியது. சாலை வழி 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர். 12 முதல் 15 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால், விஷமுறிவு மருந்து வரப்பில் வைத்துப் போடக்கூடிய ஊசி அல்ல. விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால், தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகளை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். உடனே சமாளிக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் டிரோனுக்கு என்ன வேலை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பிகள் போதாவிட்டால், பெரிய மருத்துவமனையிலிருந்து அவற்றைக் கொண்டுவரலாம். ரத்த மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இரண்டு கிலோ பெட்டிக்காக ஒரு வேன் டீசல் எரித்து நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. மொத்தச் சரக்கு வழக்கம்போல வேனில் வரட்டும். பலத்த மழையிலும் காற்றிலும் டிரோன் பறக்காது என்பதால், வேனைக் கைவிடவும் முடியாது.

தெளிப்பு டிரோனை இதற்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதில் பூச்சிமருந்து படிந்திருக்கும். ஒரு பேட்டரிக்குச் சுமார் 10, 15 நிமிடம்தான் பறக்கும். கண்ணுக்கெட்டாத தூரம் ஓட்டத் தனி அனுமதி வேண்டும். 2021 டிரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துள்ளன. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. நம் பக்கமோ ஆவடியில் விமானப்படை நிலையமும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும், அந்தப் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையமும் உள்ள பகுதி. தெளிப்புக்கு டிரோன் எடுப்பவர்களும் முதலில் வரைபடத்தில் தங்கள் நிலம் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.

அந்த வசதி வரும்வரை செய்ய வேண்டியது இதுதான். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். உங்களுக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் விஷமுறிவு மருந்து இருக்கும் என்பதை இன்றே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணை மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.