ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு இல்லையா?

"ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை." கன்வென்ஷன் பந்தல்களிலும் கைப்பிரதிகளிலும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் காது புளித்த வாசகம் இது. முழுக்கு ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபைகளில் சில இதை அறிவுரையாகச் சொல்வதில்லை, தீர்ப்பாகவே சொல்கின்றன. ஒருவர் மனந்திரும்பினார், விசுவாசித்தார், ஆனால் தண்ணீருக்குள் இறங்குமுன் உயிர் போய்விட்டது. அவர் கதி என்ன? வாசகத்தை முழங்குகிறவர்கள் இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்வதில்லை. வசனத்திலிருந்து வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

முதலில் வருவது மாற்கு 16:16. அந்த வசனத்தின் முற்பாதியில் விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்து வருகின்றன. ஆக்கினைக்கு உட்படுத்துவது எது என்று சொல்லும் பிற்பாதியில் விசுவாசமின்மை ஒன்றுதான் இருக்கிறது. போதாததற்கு, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16:8-உடன் முடிந்துவிடுகிறது. ஓர் ஆத்துமாவை நரகத்துக்கு அனுப்பும் சட்டத்தை இந்த இடத்தில் ஊன்றுவது பொறுப்பற்ற செயல்.

1 பேதுரு 3:21-ஐ எடுப்பவர்கள் அந்த வசனத்தைக் கடைசிவரை வாசித்தாலே போதும். உடம்பின் அழுக்கு நீங்குவதைத் தாம் சொல்லவில்லை என்று பேதுருவே அங்கு விளக்கிவிடுகிறார்.

அப்போஸ்தலர் 2:38 சற்றுக் கனமான வாதம்தான். பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்களிடம் மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் பேதுரு ஒருசேரக் கேட்டார். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே (3:19) சாலொமோன் மண்டபத்தில் பேசும் அதே பேதுரு, பாவங்கள் நீங்க மனந்திரும்புங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டில் நடந்தது இன்னும் தெளிவு. பேதுரு பேசி முடிப்பதற்குள்ளாகவே அங்கிருந்த புறஜாதியார்மேல் பரிசுத்த ஆவி இறங்கியது. பிறகுதான் தண்ணீர் என்ற பேச்சே எழுந்தது. எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் (15:7-9) இதே சம்பவத்தைப் பேதுரு நினைவுகூர்கிறார்; அவர்களுடைய இருதயங்களைத் தேவன் விசுவாசத்தால் சுத்தமாக்கியதாகச் சொல்கிறார். தண்ணீரைக் குறிப்பிடவே இல்லை.

யோவான் 3:5-க்கும் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கும் வருவோம். நிக்கொதேமுவிடம் சொன்ன ஜலமும் ஆவியும் பற்றிய வார்த்தை மனிதர் எல்லோருக்கும் பொதுவான விதி என்கிறார்கள். அப்படியானால் கள்வன் எப்படிப் பரதீசுக்குப் போனான் என்று கேட்டால், சிலுவைக்கு முன்பு நடந்தது அது, அவனுக்கு அந்த விதி பொருந்தாது என்கிறார்கள். நிக்கொதேமுவோடு நடந்த உரையாடலும் சிலுவைக்கு முன்புதானே? இவனுக்கு விலக்குத் தரும் காலக்கணக்கு அந்த விதியையும் சேர்த்தே தள்ளிவிடும். இன்னொன்றும் உண்டு. யோவான் 19:32-33-இன்படி சேவகர்கள் கள்வர்களின் காலெலும்பை முறிக்கும்போது அவர்கள் உயிரோடிருந்தார்கள், இயேசுவோ ஏற்கெனவே மரித்திருந்தார். அந்தக் கள்வன் இறந்தது கிறிஸ்துவின் மரணத்துக்குப் பிறகுதான்.

வசன வாதத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். இந்தக் கோட்பாட்டை உண்மையில் தோற்கடித்தது வரலாறு. இதை இறுக்கமாகப் போதித்தவர்கள், செத்துக் கிடக்கும் ஒருவர்முன் நிற்க நேர்ந்தபோதெல்லாம் தாங்களே ஒரு பின்வாசலைத் திறந்துவிட்டார்கள்.

மிலான் பேராயர் அம்புரோஸ், திருமுழுக்குப் பெறாதவர் கிறிஸ்துவின் சிலுவையை விசுவாசித்தாலும் பாவமன்னிப்புப் பெறமாட்டார் என்று தம் போதனையில் திட்டமாகச் சொன்னவர். 392-இல் இளம் பேரரசர் இரண்டாம் வாலென்டினியன், கால் (Gaul) நாட்டு நகரான வியென்னில் இறந்துகிடந்தார். திருமுழுக்குத் தரும்படி அம்புரோஸுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அம்புரோஸ் வந்து சேருமுன் உயிர் போய்விட்டது. அழுதுகொண்டிருந்த சகோதரிகள்முன் இரங்கலுரை ஆற்றிய அம்புரோஸ், அவர் விரும்பிக் கேட்டாரே, அந்த விருப்பமே அவருக்குப் போதும் என்று தேற்றினார். விதி அதுவென்றால் இந்த ஆறுதல் எங்கிருந்து வந்தது?

விருப்பம் தெரிவிக்கும் வயது வந்தவருக்காவது இந்த வழி கிடைத்தது. குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. அம்புரோஸின் கையால் திருமுழுக்குப் பெற்ற அகஸ்டின், திருமுழுக்கில்லாமல் இறக்கும் சிசுக்கள் ஆக்கினைக்குத் தப்பமாட்டார்கள் என்றார்; அவர்களுக்குரிய தண்டனை மிக லேசானது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரி ஐரோப்பியத் தாய்மாரை என்ன பாடு படுத்தியது என்பது, இன்று இதே வாசகத்தை மேடையில் முழங்குகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய கதை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் வட்டாரத்தில் ஓபர்பியூரன் என்ற இடத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் இறந்து பிறந்த சிசுக்களைத் தூக்கிக்கொண்டு வெகு தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் அங்கே வந்தார்கள். எரியும் தணலுக்கும் விளக்குகளுக்கும் நடுவே அந்த உடலைக் கிடத்திச் சூடேற்றினார்கள். உதட்டின்மேல் ஒரு மெல்லிய இறகை வைத்தார்கள். சூட்டில் காற்று எழும்பி இறகு அசைந்தால், குழந்தை மூச்சுவிட்டது என்று சொல்லி, அந்தக் கணமே தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்துப் புனிதப்படுத்திய மண்ணில் புதைத்தார்கள். அங்கு கொண்டுவரப்பட்ட சிசுக்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று கான்ஸ்டன்ஸ் பேராயர் 1486-இல் உரோமைக்கு முறையிட்டார். சீர்திருத்தம் வந்தபின் பெர்ன் அரசு அந்தக் கோயிலை இடிக்கச் சொன்னது. 1990-களில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. குறைமாதத்தில் விழுந்தவையும் அவற்றில் உண்டு.

அந்தத் தாய்மாரை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. தண்ணீர் படாவிட்டால் மோட்சம் இல்லை என்று பிரசங்கபீடம் சொன்னதை அவர்கள் முழுமனதோடு நம்பினார்கள். நம்பியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

1745-இல் பலெர்மோவில் கஞ்சமீலா என்ற குரு, கருவுற்ற பெண் இறந்தால் உடனே வயிற்றைக் கிழித்துக் கருவுக்குத் திருமுழுக்குத் தர வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு நூலே எழுதினார். அயர்லாந்தில் திருமுழுக்குப் பெறாத சிசுக்களைக் கோயில் கல்லறையில் சேர்க்காமல், கில்லீன் எனப்பட்ட ஒதுக்குப்புறங்களில் இரவோடு இரவாகப் புதைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. இவ்வளவுக்கும் பிறகு 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணம் உண்டு என்று அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். ஓபர்பியூரனில் இறகையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஐந்து நூற்றாண்டு தாமதமாகிவிட்டது.

இவையெல்லாம் கத்தோலிக்கர் கதை, குழந்தை ஞானஸ்நானத்தின் கோளாறு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முழுக்குச் சபையினர் விலகிக்கொள்வது உண்டு. அவர்களுக்கு அலெக்சாண்டர் காம்ப்பெல்லை நினைவூட்ட வேண்டும். பாவமன்னிப்புக்கென்றே முழுக்கு ஞானஸ்நானம் என்ற போதனையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முதன்மையானவர் அவர். 'கிறிஸ்துவின் சபை' எனப்படும் குழுக்கள் அவர் இயக்கத்தின் வழிவந்தவை. 1837-இல் வர்ஜீனியாவின் லூனன்பர்க்கிலிருந்து ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினார்: மற்றச் சபைகளில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று தம் பத்திரிகையிலேயே பதில் எழுதிய காம்ப்பெல், எந்த ஒரு கடமையையும், முழுக்கு ஞானஸ்நானத்தைக்கூட, ஒருவர் கிறிஸ்தவரா என்பதற்கு அளவுகோலாகத் தம்மால் வைக்க முடியாது என்றார். அவரைப் பின்பற்றியவர்களே கொதித்தெழுந்தார்கள். அவர் தம் பதிலிலிருந்து பின்வாங்கவில்லை.

பவுலும் இதே பக்கம்தான் நிற்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரி. 1:14-17) கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டார் தவிர வேறு யாருக்கும் தாம் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பதற்காக நன்றி சொல்கிறார், தம்மை அனுப்பியது சுவிசேஷத்தை அறிவிக்கத்தான் என்கிறார். இரட்சிப்பே தண்ணீரில் இருக்குமானால், அதைக் கொடுக்காததற்கு நன்றி சொல்லும் அப்போஸ்தலரை என்னவென்று சொல்வது? ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பு என்று ரோமர் 4-இல் அவர் அழுத்திச் சொன்னதும் இந்த வரிசையைத்தான். விசுவாசம் முதலில் வருகிறது, அடையாளம் அதன் பின்னே வருகிறது. ஞானஸ்நானம் வேண்டாம் என்று இங்கு யாரும் சொல்லவில்லை.

இந்த வாதம் தமிழ்நாட்டில் வெறும் ஏட்டு விவகாரம் அல்ல. லுத்தரன் இறையியலாளர் ஹெர்பர்ட் ஹோஃபர் சென்னையிலும் தமிழகக் கிராமங்களிலும், ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை மட்டும் வணங்கி வாழ்வோரைத் தேடிக் கண்டு, அவர்களைப் பற்றி 1991-இல் நூல் வெளியிட்டார். புகுந்த வீட்டில் ஒரே விசுவாசியாக இருக்கும் பெண்களும் அப்படி வாழ்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு இன்னொரு தடையும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் அந்தத் தடை நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு இன்னும் நீக்கப்படவில்லை. சபைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் பிள்ளையின் படிப்பும் வேலையும் போய்விடுமோ என்று தயங்கி, வீட்டுக்குள் முழந்தாளிட்டு ஜெபிக்கும் ஒரு தகப்பனைப் பார்த்து, உனக்கு இரட்சிப்பு இல்லை என்கிறது அந்த வாசகம்.

இரட்சணிய சேனை 1883 முதல் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குடிகாரர்களையும் பட்டினி கிடந்தவர்களையும் தேடிப்போன வில்லியம் பூத் அதன் நிறுவனர். அவர் மனைவி கேத்தரின் பெயரால் நாகர்கோவிலில் இன்றும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்து மாண்ட சேனைக்காரர்கள், முழுக்கு வாங்கவில்லை என்பதற்காகவே தேவனுடைய ராஜ்யத்துக்கு வெளியே நிற்கிறார்களா? அடுத்த கன்வென்ஷனில் அந்த வாசகத்தைச் சொல்ல எழும் பிரசங்கியார், வேறு வசனத்துக்குத் தாவாமல், ஆம் அல்லது இல்லை என்று முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.