வலி அவளுக்கு, முடிவு யாருக்கு?

"பல்லைக் கடிச்சுக்கோம்மா! நாங்க எல்லாம் பெத்துக்கலையா?" - பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

1853 ஏப்ரல் 7. லண்டன் அரண்மனையில் விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். டாக்டர் ஜான் ஸ்நோ கைக்குட்டையில் குளோரோபார்ம் விட்டு முகரக் கொடுத்தார். ராணி விரும்பினார், கிடைத்தது!

ராணிக்கு ஒரு நியாயம், குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயமா?

இன்று முதுகில் ஊசி குத்தி, மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தும் 'எபிடியூரல்' முறை இருக்கிறது. தாய்க்கு நினைவு தப்பாது. ஆனால் ரத்த அழுத்தம் குறையலாம். முக்கிப் பெற நேரம் கூடலாம். மயக்க மருந்து டாக்டர் வேண்டும். கேட்கிற பெண்ணுக்கு இதைக் கொடுக்கலாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

சில பெண்கள், "ஊசி வேண்டாம், இடுப்பைத் தேய்த்துவிட ஒரு துணை போதும்" என்பார்கள். அதுவும் சரிதான்.

ஆனால் மாமியாரும் புருஷனும் பேசி முடித்துவிட்டால் எப்படி? வலி எடுத்த பிறகு அவளுக்கு யோசிக்கத்தான் முடியுமா? ஏழாம் மாசச் செக்கப்பிலேயே டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லட்டும். வேணுமா, வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். பெறப் போகிறவள் அவள்தானே!