சிரித்தவர்களுக்கு ஒரு கேள்வி

வாணியம்பாடியில் ஒரு டீக்கடை. டெலிவிஷனில் சினிமா ஹாஸ்யம். ‘அட சண்டாளா!’ என்று ஒருவன் இன்னொருவனை உதைக்கிறான். கடை முழுவதும் சிரிப்பு. நம் காலுக்குச் செருப்பாகும் தோலைப் பதனிட்டுவிட்டு வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அது வெறும் வசவு அன்று. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயர். இது நமக்கு எப்போது உறைத்தது? 2024 ஜூலையில், விக்கிரவாண்டி இடைத்தேர்தல் மேடையில், மறைந்த முதலமைச்சர் கருணாநிதியை அந்தச் சொல்லால் ஏசிப் பாடியபோது! பாடியவர் கைதானார். பழைய பாட்டுத்தானே என்று வாதாடினார்கள் அவர் கட்சியார். இரு தரப்புக்கும் தலைவரின் மானமே வழக்கு. அந்தப் பெயருக்கு உரியவர்களின் மானம்? மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் வந்துதான், நகைச்சுவையிலும் மேடையிலும் அச்சொல் வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

பெரிய மனிதர்மேல் விழுந்தால் அவதூறு. ஏழைமேல் விழுந்தால் ஹாஸ்யம். நல்ல நியாயம்!

ஹாஸ்யமே கூடாது என்பவனல்லன் நான். அதிகாரத்தில் இருப்பவனைக் கேலி செய்யுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன். ஒரு ஜனத்தின் பெயரையே வசவாக்கிவிட்டு, ‘சும்மா தமாஷுக்கு’ என்றால் எப்படி?

அடுத்த முறை அந்தச் சொல் காதில் விழும்போது, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க நம்மால் முடியுமா?