அரை மணி நேர மயக்கம்! துணைக்கு யார்?

2021-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாட்டின் அதிகாரம் முழுவதையும் துணை ஜனாதிபதி கமலா ஹாரிசிடம் எழுதிக் கொடுத்தார். பிறகு கட்டிலில் படுத்தார்.

1 மணி 25 நிமிடம் கழிந்தது. எழுந்தார். அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக மறு கடிதம் அனுப்பினார்.

அந்த 85 நிமிடமும் அமெரிக்காவின் அதிகாரம் யார் கையில் இருந்தது? மன்னார்குடி பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரத்தில் பிறந்த பி.வி.கோபாலனின் பேத்தி கையில்! அமெரிக்க சரித்திரத்தில் ஒரு பெண்ணிடம் அந்த அதிகாரம் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜனாதிபதிக்கு நடந்தது பெரிய ஆபரேஷன் அல்ல. மலத்துவாரத்தின் வழியாக விரல் பருமனுள்ள, வளைந்து கொடுக்கும் குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்தி, அதன் நுனியில் உள்ள காமிரா மூலம் பார்க்கும் பரிசோதனை. "கொலோனாஸ்கோபி" என்று பெயர். அதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். மயங்கிக் கிடப்பவர் கையில் நாட்டை விடலாமா? அதனால்தான் இந்த ஏற்பாடு. ஜார்ஜ் புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது 2002-லும் 2007-லும் இதே பரிசோதனைக்காக இதையேதான் செய்தார்.

சரி. இது அமெரிக்கா.

திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். வானத்தைப் பார்த்து விதைக்கும் பூமி. அங்கே ஒரு பெரியவருக்கு இதே பரிசோதனை செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகளைக் கட்டிக்கொடுத்தது சென்னையில். மனைவிக்கு முழங்கால் வலி. அந்தப் பெரியவர் எந்தத் துணை ஜனாதிபதியிடம் பொறுப்பை ஒப்படைப்பார்?

இதுதான் கேள்வி. மயக்க மருந்தைப் பற்றி ஜனங்களுக்குப் பயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தை விடப் பெரியது இந்தத் துணைப் பிரச்சினை.

சூடா? மூலமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மலத்தில் ரத்தம் பட்டால், "உடம்புச் சூடு" என்று மோர் குடிப்பார்கள். நிற்கவில்லை என்றால், "மூலம்" என்று நாட்டு மருந்து தேடுவார்கள். பல பேருக்கு அது மூலமாகவே இருக்கும். சில பேருக்கு இருக்காது. பெருங்குடலில் மரு போல ஒரு சிறு சதை வளர்ந்திருக்கலாம். அது புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால், அந்தக் குழாய் வழியாகவே கண்ணியைப் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

பைடனுக்கும் அப்படி ஒரு சிறு சதையை எடுத்தார்கள்.

இவ்வளவு பயன் இருந்தும் ஆட்கள் தயங்குவது ஏன்? "மயக்கம் கொடுப்பார்களாம்! எழுந்திருக்காமல் போய்விட்டால்?" என்ற எண்ணம்தான்.

பால் போன்ற மருந்து

இந்த மயக்கம் பெரிய ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்கம் போன்றது அல்ல. தொண்டைக்குள் குழாய் விட்டு, இயந்திரத்தால் மூச்சுவிடச் செய்வது இதில் வழக்கம் இல்லை. நோயாளி தன் மூச்சைத் தானே விடுவார். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். கை நரம்பில் ஊசி குத்துவார்கள். மூக்கில் பிராணவாயுக் குழாய் வைப்பார்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த அந்தக் கிளிப்பை விரலில் மாட்டுவார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அது உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

மருந்து பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, மிடசோலம் என்ற மருந்தும், வலியைக் குறைக்கும் பென்டனில் என்ற மருந்தும் சேர்ந்தது. இது அரைத் தூக்கம். பெயரைச் சொல்லி அழைத்தால் பதில் வரும். "இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்றால் திரும்புவார். பிறகு கேட்டால் ஒன்றுமே நினைவு இருக்காது! குழாய் குடல் வளைவில் திரும்பும்போது வயிறு இழுத்துப் பிடித்தது போல வலிக்கலாம். வலித்தால் வாய்விட்டுச் சொல்லலாம். டாக்டர் சற்று நிறுத்திக் காற்றை வெளியேற்றுவார். மருந்தும் கூட்டுவார். இந்த இரண்டு மருந்துக்கும் முறிவு மருந்து உண்டு.

இன்னொன்று புரோபோபால். பார்ப்பதற்குப் பால் போல வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கையில் கொஞ்சம் எரியும். அடுத்த நிமிடமே ஆழ்ந்த தூக்கம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் நிறுத்திய சில நிமிடங்களில் தானே தெளிந்துவிடும். மயக்கம் கொடுப்பதில் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டிய மருந்து இது.

பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி இறந்ததற்குக் காரணம் இந்த மருந்துதான் என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் அவர் அதை வீட்டில், தூக்கம் வரவில்லை என்பதற்காகப் போட்டுக்கொண்டார். கண்காணிக்கும் கருவிகள் ஒழுங்காக இல்லை. போட்ட டாக்டருக்கு 2011-ல் தண்டனை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கருவிகளோடு, பழகிய கைகள் கொடுக்கும்போது விபரீதம் நேருவது மிக அபூர்வம்.

மயக்கத்தில் வீட்டு ரகசியத்தை உளறிவிடுவோமோ என்று கூடச் சிலருக்குக் கவலை! சிலர் முணுமுணுப்பது உண்டு. ஆனால் அங்கே இருப்பவர்களின் காதும் கண்ணும் கருவியின் மேல்தான் இருக்கும்.

பாட்டி கொடுத்த காபி

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கிறது!

முதல் நாள் முதல் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவவேண்டும். மருந்தின் ஒரு பகுதியை மறுநாள் விடியற்காலையில் குடிக்கச் சொல்வதும் உண்டு. அதைக் குடித்துவிட்டுத் திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாக மதுரை போவது என்றால் அதைவிட அவஸ்தை வேறு இல்லை. மதுரையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது.

அதற்கு மேல் ஒரு தொல்லை. "ராத்திரி முழுக்கப் போய்ப் போய் சோர்ந்து கிடக்கிறான். வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?" என்று பாட்டி ஒரு டம்ளர் காபி கொடுப்பாள். அன்புதான். ஆனால் மயக்கத்தில் வாந்தி வந்தால், அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். தெளிந்த தண்ணீரைக் கூட ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்தோடு நிறுத்திவிட வேண்டும். பால் கலந்த காபி கூடவே கூடாது. குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும். திட்டு வாங்கினால் பரவாயில்லை.

அதேபோல், ஆடும் பல், செயற்கைப் பல், தூக்கத்தில் பலமான குறட்டை, தினசரிக் குடி, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கிறாள் என்று குடியை மறைப்பவர்கள் உண்டு. குடிப்பழக்கம் உள்ளவருக்கு மருந்தின் அளவே மாறும்.

ஒரு நாள் கூலி

பரிசோதனை முடிய சுமார் அரை மணி நேரம். தெளிந்து எழ இன்னும் சற்று நேரம். எழுந்தவர் நன்றாகப் பேசுவார், நடப்பார். ஆனால் புத்தி முழுதாகத் திரும்பி இருக்காது. அதனால் 24 மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. விசைத்தறியில் நிற்கக்கூடாது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. டாக்டர் சொன்ன முடிவு கூட மறந்துபோகும். ஆகவே துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்கிறது ஆஸ்பத்திரி.

நியாயம்தான். ஆனால் தறிக்காரர் வீட்டிலும், கரிமூட்டம் போடுகிறவர் வீட்டிலும் அதன் பொருள் என்ன? இரண்டு பேர் கூலி போகிறது! அந்த ஆள் கிடைக்காததால் பரிசோதனையே தள்ளிப் போகிறது. உள்ளே சதை வளர்கிறது.

துணை வேண்டும் என்பதை வாசலில் வந்து நிற்கும்போது சொல்வது சரியல்ல. தேதி கொடுக்கும் அன்றே, தமிழில் அச்சடித்த தாளில் கொடுக்கவேண்டும். பரிசோதனையின் முடிவையும் தமிழில் எழுதித் துணைக்கு வந்தவர் கையில் தரவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மயக்கம் இல்லாமலும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்! நார்வே போன்ற நாடுகளில் பல பேர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். வலி இருக்கும், பெரும்பாலோர் தாங்கக்கூடிய வலி. முடிந்ததும் எழுந்து தனியாகவே பஸ் ஏறலாம். திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், கையில் வந்த கட்டிக்கு 1949-ல் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தபோதும் அமைதி குலையாமல் இருந்தார். எல்லோரும் ரமணர் ஆக முடியாது. ஆனால் முடியுமா, முடியாதா என்று முடிவு செய்யவேண்டியவர் நோயாளி. அப்படி ஒரு வழி இருப்பதையே அவரிடம் சொல்லாமல் இருப்பது தவறு.

மயக்கம்தான் வேண்டும், ஆள்தான் இல்லை என்பவருக்கு? 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது, பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை வீட்டுக்கு அனுப்ப முடிந்த அரசாங்கத்துக்கு, தனித்திருக்கும் முதியவரோடு ஒரு நாள் மதுரைக்கு ஓர் ஆளை அனுப்புவது முடியாத காரியமா? அந்த ஊழியருக்கு அன்றைய படி கொடுத்தால் போதும். மகளிர் குழுக்களிடம் இந்த வேலையை ஒப்படைத்தாலும் நடக்கும்.

வீடு திரும்பிய பிறகும் துணைக்கு வேலை உண்டு. வயிறு ஊதியது போல இருப்பதும், காற்றுப் பிரிவதும் சகஜம். வெட்கப்பட்டு அடக்கக்கூடாது. ஆனால் கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு, ஓயாத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அந்த ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். "ஒன்றும் இல்லை, தூங்கினால் சரியாகிவிடும்" என்று பெரியவர் சொல்வார். அன்று ஒரு நாள் அவர் பேச்சைக் கேட்கவேண்டியதில்லை.