பிழை காணும் வினாவில் பிழை இருக்கலாகாது: எங்கள் நிலைப்பாடு

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் கட்டணமின்றித் தமிழ் நடத்தும் ஆசிரியர்கள் நாங்கள். மாணவர்கள் கொண்டுவரும் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்தபின், இனியும் பேசாமல் இருப்பது சரியன்று என்று கூடி முடிவெடுத்தோம்.

பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர் தம் புத்தகத்தைக் காட்டினார். 'பிழையற்ற தொடரைத் தேர்க' என்பது வினா. 'அவன் கவிஞன் அல்ல', 'இவை என் புத்தகங்கள் அன்று', 'நான் குற்றவாளி அல்லேன்', 'அது பறவை அல்ல' என நான்கு தொடர்கள். மூன்றாவதைப் பென்சிலால் சரியாகக் குறித்திருந்தார். கடைசிப் பக்கத்து விடைக்குறிப்பு நான்காவதைச் சொன்னது. அதை நம்பித் தம் குறியை அழித்துவிட்டுச் சிவப்பு மையில் மாற்றியிருந்தார். "புக்குல போட்டிருக்கே சார், நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

'அது' என்றால் 'அன்று', 'அவை' என்றால் 'அல்ல' என்பது பள்ளியில் படித்த விதி. இன்றைய வழக்கில் 'அல்ல' எல்லா இடத்திலும் புழங்குகிறதே என்பார்கள். புழங்குகிறது. அந்த வழக்கை ஏற்றால் முதல் தொடரும் சரியாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த விடைக்குறிப்பு நிற்காது.

இன்னொரு புத்தகத்தில் பாடத்தின் தலைப்பே 'சந்திபிழை நீக்குக' என்று இருக்கிறது. நீக்க வேண்டிய பிழை தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'கீழ்கண்டவற்றுள்', 'எதிர்சொல்' என்பவற்றை எண்ணி மாளவில்லை.

தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வேலையை நம்பிப் படிப்பவருக்கு இது சின்னப் பிழையாக இருக்க முடியாது.

விடையோடு விதியையும் அச்சிட வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. 'எனக்குப் பிடிக்கும்' என்பதில் நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், 'சுடுசோறு' வினைத்தொகை என்பதால் மிகாது என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுத உட்கார்ந்தால் தவறான விடைகளில் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும். 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்பதுபோல் அறிஞர்களே உடன்படாத இடங்களைப் பிழை காணும் வினாவாக வைக்கக் கூடாது. ஐயம் வந்தால், அரசுப் பாடநூல் சொல்வதை முடிவாகக் கொள்ளலாம்.

தேர்வாணையமே உத்தேச விடைகளை வெளியிட்டு மறுப்புக் கேட்கிறது. விலை வாங்கிப் புத்தகம் விற்பவர்களும் திருத்தப் பட்டியல் வெளியிட்டாக வேண்டும். நாங்கள் தயாரிக்கும் மாதிரித் தாள்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். இனி ஒவ்வொரு தாளையும் இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே விடையெழுதிப் பார்த்த பிறகே மாணவர் கையில் கொடுப்போம். இதுவரை கண்ட பிழைகளைப் பக்க எண்ணோடு பதிப்பாளர்களுக்கு எழுதி அனுப்புகிறோம். அந்த மாணவியின் பக்கத்து நகல் முதல் கடிதத்தோடு போகிறது.