வாயு மாத்திரை போதாது, நாடியைப் பார்!



பழவங்காடியில் நம் வீட்டுப் பெரியவர்கள் அதிகம் படியேறும் ஆஸ்பத்திரி எது? மருந்துக்கடைதான். அங்கே டோக்கன் இல்லை, கூலி போவதும் இல்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றால், "வாயுவா இருக்கும் அண்ணாச்சி" என்று இரண்டு மாத்திரை கைக்கு வரும். அப்படி வாங்கிப்போன ஒருவர், சாலைக் கடைத்தெருவில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர், இன்று வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்க் கிடக்கிறார். அது வாயு அல்ல என்று ஈ.சி.ஜி. சொன்னது. காலம் கடந்து சொன்னது!

இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்குவதை டாக்டர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. பலருக்குப் படபடப்புகூடத் தெரியாது. 2016-17இல் கேரளத்தின் 53 மருத்துவமனைகளில் எடுத்த பதிவேட்டில் இந்த நோயாளிகள் 3,421 பேர். இவர்கள் ஆஸ்பத்திரி வாசலை எட்டியவர்கள். எட்டாதவர்களை எண்ணியது யார்?

எண்ண வழி இல்லாமல் இல்லை. சிட்னி நகரில் 10 மருந்துக்கடைகளில் 65 வயதைத் தாண்டிய 1,000 பேரைக் கையடக்க ஈ.சி.ஜி. கருவியால் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: 15 பேருக்கு அதுவரை தெரியாதிருந்த கோளாறு பிடிபட்டது.

இங்கே என்ன நிலை? தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஊரில் நம் கதவைத் தட்டுகிறது. அந்த வீட்டில் நாம் இல்லை. கேரளம் 2017இல் வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஆவாஸ் காப்பீடு கொண்டுவந்தது. அதில் வைத்த வயது 18 முதல் 60. முதுகு நிமிர்ந்திருக்கும்வரை தொழிலாளி, வளைந்தபின் யாருமில்லையா? எனக்கு ரயில்வே மருத்துவ அட்டை உண்டு. என் கவுண்டரில் டிக்கெட் எடுக்கும் கூலித் தோழருக்கு என்ன உண்டு?

கடைக்காரரை டாக்டராக்கச் சொல்கிறோமா? இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆள் மாறிப் போனால் இரத்தக்கசிவில் முடியும். அதை டாக்டர்தான் எழுத வேண்டும். கடையில் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் நாடி பார்க்கட்டும். தாறுமாறாக இருந்தால் தமிழில் சொல்லி, சீட்டு எழுதி, ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். தனியார் கடை இலாபம் பார்க்கும் என்பவர்களுக்குச் சொல்கிறோம்: கன்சூமர்ஃபெட்டின் நீதி மெடிக்கல் ஸ்டோர்களில் முதலில் தொடங்குங்கள். ஈ.சி.ஜி.யும் மாத்திரையும் இலவசமாகக் கொடுங்கள். ஆதாரில் எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள்!

கோரிக்கை வெல்லும்வரை கை கட்டி நிற்பதா? இன்று இரவே அப்பாவின் கையைப் பிடியுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாளம் தப்பினால் மறுநாளே ஈ.சி.ஜி. எடுங்கள்.

நமக்காக மூட்டை சுமந்த கை அது. அதற்கு ஒரு நிமிடம் கொடுக்கக்கூடவா நமக்கு மனமில்லை?