காதலால் கெட்டதா துப்பறியும் கதை?

துப்பறியும் நவீனத்தில் காதலுக்கு இடமில்லை, அது புத்தியின் விளையாட்டைக் குலைத்துவிடும் என்று சென்ற இதழில் தீர்ப்பு வழங்கிய நண்பர், 1928-இல் அமெரிக்க ஆசிரியர் எஸ். எஸ். வான் டைன் வகுத்த இருபது விதிகளுள் ஒன்றைத்தான் தம் கருத்தாக எடுத்து வைத்திருக்கிறார். மூலவரின் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

அவ்விதிக்கு அறுபது ஆண்டுகள் முன்பே, 1868-இல், வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்ன சொல்கிறது? மூன்ஸ்டோன் என்னும் வைரம் களவு போன இரவில், தான் நேசிக்கும் பிராங்க்ளின் பிளேக்கே அதை எடுத்துச் செல்வதைக் கண்ணாரக் கண்ட கதாநாயகி ரேச்சல், வாய் திறந்தால் அவன் மானம் போய்விடுமே என்று அஞ்சி, சந்தேகம் தன்மீதே கவிவதையும் சகித்துக்கொண்டு மௌனம் சாதிக்கிறாள். (படியாதவர்கள் மன்னிக்க, மீதி மர்மத்தைச் சொல்லமாட்டேன்.) அந்த மௌனத்தை அகற்றிவிட்டால், துப்பறிய வந்த சார்ஜெண்ட் கப் தம் பிரியமான ரோஜாச் செடிகளைக் கவனிக்கப் போய்விடலாம். காதல் இங்கே அலங்காரமன்று, பூட்டே அதுதான்.

ஒட்டுப்போட்ட காதலை உடைய நவீனங்கள் உண்டு. அது ஆசிரியரின் குற்றம், காதலின் குற்றமன்று. மாறாக, டோரதி சேயர்ஸ் 1930-இல் எழுதிய 'ஸ்ட்ராங் பாய்ஸ'னில், முன்னாள் காதலனை விஷமிட்டுக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் ஹாரியட் வேனைத் தூக்குக்கயிற்றிலிருந்து மீட்கிறார் துப்பறிவாளர் பீட்டர் விம்சி. ஆயினும் நன்றிக்கடன் காதலாகிவிடாது என்றுணர்ந்த அப்பெண், 1935-இல் வெளிவந்த 'காடி நைட்' நவீனத்தின் முடிவில்தான் அவரை மணக்கச் சம்மதிக்கிறாள்.